ஒப்பரேசனுக்குப் போகுமுன் உங்கள் மூக்கைப் பற்றிச் சொல்லுங்கள்

முத்தையன்கட்டுப் பக்கமிருந்து ஒரு கமக்காரர் தாடை உடைந்து வந்தார். லான்ட்மாஸ்டர் உழவு மெசினை ஸ்டார்ட் பண்ணும்போது ஹாண்டில் திருப்பி அடித்திருந்தது. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிவு. மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டித்தான் அதைப் பொருத்த வேண்டும். வாயில் குழாய் இருந்தால் பல்லைக் கட்ட முடியாது. அதனால் இப்படியான ஒப்பரேசனில் சுவாசக் குழாயை மூக்கு வழியாக விடுவோம். முதலாம் உலகப்போரில் முகம் சிதைந்த படையினருக்கு இங்கிலாந்தில் சிகிச்சை செய்த காலத்தில் மகில் என்ற வைத்தியர் வளர்த்தெடுத்த முறை அது. அவர் பெயரில் உள்ள வளைந்த கொறடு இன்றைக்கும் எங்கள் தட்டில் இருக்கிறது.

நான் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர். வன்னியில் பல வருடமாக வேலை செய்கிறேன். அந்த ஐயாவை முதல்நாள் பின்னேரம் வாட்டில் போய்ப் பார்த்தேன். முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கிறதா, பிரஷர், சீனி இருக்கிறதா, முன்பு மயக்கம் கொடுத்திருக்கிறார்களா, ஆடுகிற பல் இருக்கிறதா என்று எல்லாம் கேட்டேன். முடிந்தளவு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கழுத்தை நிமிர்த்தச் சொன்னேன். மூக்கைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாள் அந்த மூக்குக்குள்தான் குழாய் விடப் போகிறேன் என்று தெரிந்திருந்தும் கேட்கவில்லை.

மறுநாள் வலது மூக்கால் குழாயை விட்டேன். மூன்று விரற்கடை போகமுன் மெத்தென்று ஏதோ தடுத்தது. கொஞ்சம் அழுத்தினேன். தடை விலகியது, அடுத்த நொடி மூக்காலும் தொண்டைக்குள்ளும் இரத்தம் பாய்ந்தது. ஒட்சிசன் அளவைக் காட்டும் மெசின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சத்தம் போடும். அளவு இறங்க இறங்க அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்காமலே அது இறங்குவதைக் கேட்டுக்கொண்டு, இரத்தத்தை உறிஞ்ச உறிஞ்ச நிரம்பும் தொண்டைக்குள் குரல்வளையைத் தேடினேன். உதவிக்கு நின்ற மிஸ் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, நான் கேட்கமுன்னரே இரண்டாவது உறிஞ்சு குழாயைக் கையில் தந்தார். வாயால் குழாய் போட்டோம். அளவு ஏறியது. மூக்கை அடைத்து இரத்தத்தை நிறுத்தி, அன்றைய ஒப்பரேசனைத் தள்ளிவைத்தோம்.

அடுத்த நாள் காலை அவரிடம் போய், மூக்கில் முன்பு ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். உடைந்த தாடையோடு மெதுவாகச் சொன்னார்: “ஓம் டொக்டர். இரண்டு வருசமா ஒரு சதை கிடக்கு. நாத்து நடக் குனிஞ்சா ரத்தம் சொட்டும். நீங்க தாடையைத்தானே பாத்தனீங்க எண்டு சொல்லேல்லை.”

அவர் மறைக்கவில்லை. நான்தான் கேட்கவில்லை. அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் முதலில் மூக்கைத்தான் கேட்கிறேன். ஆனால் எல்லா இடத்திலும் எல்லாரும் கேட்பார்கள் என்று நான் உறுதி தர முடியாது. அதனால் நீங்களாகவே சொல்லப் பழக வேண்டும். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

மூக்கு அடைத்திருந்தால் மயக்கத்துக்கு என்ன?

“குழாய் வாயாலதானே போடுவீங்கள், மூக்கு அடைச்சா என்ன?” என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ஊசி போட்டு நித்திரையாகிய சற்று நேரத்தில் உங்கள் மூச்சு நின்றுவிடும். குழாய் போடும்வரை நாங்கள்தான் முகமூடியை முகத்தில் பொருத்தி, பையை அமுக்கிக் காற்றைச் செலுத்துவோம். அந்த நேரம் உடம்பின் தசையெல்லாம் தளர்ந்து, நாக்கு மேலண்ணத்தோடும் தொண்டையின் பின்புறத்தோடும் ஒட்டிக்கொள்ளும். வாய்வழி பாதி மூடிய கதவு. மூக்குவழிதான் காற்றுக்குத் திறந்த பாதை. அதுவும் சதையால் அடைத்திருந்தால் பை கையில் கல்லுப்போல் இறுகும், நெஞ்சு எழும்பாது. முன்பே தெரிந்தால் இது பெரிய விஷயமில்லை. வளைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டை வாயில் வைத்து நாக்கைத் தூக்கிவிட்டால் காற்று போகும், சில நொடி வேலை. தெரியாதபோது முகமூடி ஒழுகுகிறதா, மார்புக்குள் இழுப்பா, பையில் பிழையா என்று காரணம் தேடுவதிலேயே அந்த நொடிகள் போய்விடும்.

இன்னொன்று, மூக்கால் விடுவது சுவாசக் குழாய் மட்டுமில்லை. வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயும் மூக்கால்தான் போகும். அது சதையில் இடித்தால் இரத்தம் வரும், சதைத் துண்டு பிய்ந்து குழாயின் வாயை அடைக்கவும் கூடும். ஒப்பரேசன் முடிந்து எழும்பும்போதும் கவனம் வேண்டும். அண்ணத்துக்குப் பின்னால் உறைந்து தொங்கும் ஒரு இரத்தக்கட்டி, குழாயை எடுத்தபின் குரல்வளையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

முதுகில் ஊசி போட்டுத்தான் செய்யப் போகிறார்கள் என்றாலும் சொல்லுங்கள். முதுகு ஊசி சிலருக்குப் போதாமல் போகும், இடையில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டி வரும். சிசேரியனுக்குப் போகும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்திருங்கள். கர்ப்ப காலத்தில் மூக்கின் உட்தோல் பலருக்கு வீங்கும், தொட்டாலே இரத்தம் கசியக்கூடும். ஏற்கெனவே சதையும் இருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டில் பார்ப்பது எப்படி

வாயை மூடிக்கொள்ளுங்கள். ஒரு விரலால் ஒரு பக்க மூக்கை மெதுவாக அடைத்து, மற்றப் பக்கத்தால் பத்து மூச்சு விடுங்கள். விரலை அழுத்தும்போது நடுத்தண்டு வளைந்து மற்றப் பக்கமும் அடைபடாமல் பாருங்கள். பிறகு மறுபக்கம். பத்து மூச்சு முடியமுன் வாயைத் திறக்க வேண்டி வந்தால் அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒரு சில்வர் கரண்டி. முகம் பார்க்கும் கண்ணாடியும் சரி. மூக்குக்குக் கீழே கிடையாகப் பிடித்து, மூக்கால் மூச்சை விட்டால் இரண்டு ஆவிப் படலம் தெரியும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குச் சில மணித்தியாலத்துக்கு ஒரு பக்கமென மூக்கு மாறி மாறி அடைத்துத் திறப்பது இயற்கை. அதனால்தான் ஒரு தரம் பார்த்துவிட்டு முடிவெடுக்கக் கூடாது. இரண்டு மூன்று நாளைக்கு, காலையும் மாலையும் பாருங்கள். அடைப்பு பக்கம் மாறினால் பெரும்பாலும் தடிமனோ தூசு ஒவ்வாமையோதான். கிரவல் ரோட்டுத் தூசும் சூடடிப்புத் தும்பும் உள்ள ஊரில் அது சாதாரணம். எப்போதும் ஒரே பக்கம் என்றால், அல்லது இரண்டு பக்கமும் மாதக்கணக்கில் திறக்கவே இல்லையென்றால், அது காட்ட வேண்டிய மூக்கு.

மணத்தையும் பாருங்கள். பால் அடிப்பிடித்தது வீட்டில் எல்லாருக்கும் மணந்து உங்களுக்கு மட்டும் மணக்கவில்லையா? கோப்பித் தூளை மூக்கருகில் பிடித்தும் தெரியவில்லையா? மூக்குச் சதை உள்ளவர்களுக்கு மணம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், அவர்களுக்கே தெரியாமல் போகும். அடுப்படியில் நிற்கும் அம்மாமாரிடம் நான் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். “இப்ப ரசத்துக்கு எவ்வளவு மிளகு போட்டாலும் மணமே வாறேல்லை” என்று ஒருவர் சொன்னதும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது.

டோர்ச் அடித்து வீட்டில் பார்க்கிறவர்களுக்கு ஒரு சொல். மூக்குக்குள் வெளிப்பக்கச் சுவரில் இளஞ்சிவப்பாக ஒரு மேடு எல்லாருக்கும் உண்டு. அது சதை வளர்ச்சி இல்லை. வழக்கமான மூக்குச் சதை வெளிறி, ஈரமாக, நுங்குச் சுளைபோல் மினுங்கும். தொட்டால் நோகாது, இலேசில் இரத்தம் வராது.

இரத்தம் வருகிற சதை வேறு. எங்கள் பக்கத்தில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிவந்து, கரடுமுரடாக, மேலே ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். ரைனோஸ்போரிடியோசிஸ் என்று பெயர். 1900ஆம் ஆண்டு ஆர்ஜென்டினாவில் சீபர் என்ற வைத்தியர் விவரித்தது. ஆனால் உலகத்தில் அதிகம் காணப்படுவது இந்தியாவிலும் இலங்கையிலும்தான். நீண்ட காலம் பூஞ்சணம் என்று நினைத்தார்கள். இப்போது நீரில் வாழும் வேறொரு நுண்ணுயிர் வகை என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். தேங்கிய நீரில் தோய்வதோடு இதற்குத் தொடர்பு உண்டு. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, எனவே வீட்டில் யாரையும் ஒதுக்கி வைக்க வேண்டாம். குளத்தை நம்பி வாழும் எங்கள் ஊர்களில் குளத்தில் தோயாதே என்று நான் சொல்லப் போவதில்லை. வற்றிக் கலங்கிய நீரில், மாடு குளிப்பாட்டும் இடத்தில் மூழ்கித் தோய்வதையாவது குறையுங்கள். மூக்கால் இரத்தம் சொட்டினால் வெயிற்சூடு என்று விட்டுவிடாதீர்கள். முத்தையன்கட்டு ஐயாவுக்கு இருந்தது இதுதான். இந்தச் சதை முழுக்க இரத்த நாளம். குழாய் பட்டால் அன்றைக்கு நான் கண்டதுதான் நடக்கும்.

எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது

மயக்க மருந்து வைத்தியர் உங்களை ஒப்பரேசனுக்கு முன் கிளினிக்கிலோ வாட்டிலோ பார்ப்பார். அவரிடம் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி நீட்டுங்கள். இப்படி எழுதினால் போதும்: “வலது மூக்கு எப்போதும் அடைப்பு, இரண்டு வருடம். குனிந்தால் இரத்தம். மணம் குறைவு. மூக்குக்குத் துளி மருந்து விடுகிறேன். குறட்டை உண்டு.” இந்த ஐந்து வரியில் எனக்கு வேண்டியது பெரும்பாலும் இருக்கிறது. மூக்கில் முன்பு சதை எடுத்திருந்தால் அதையும் சேருங்கள், அது திரும்ப வளரும் வகை.

முட்டு வருத்தமும் மூக்குச் சதையும் சேர்ந்து இருப்பவர்கள் இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டிஸ்பிரின், புருஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற நோ மருந்து எடுத்து எப்போதாவது முட்டு கூடியதா, முகம் சிவந்து மூக்கு ஒழுகியதா? இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து வருவது வைத்தியத்தில் நன்கு தெரிந்த கூட்டு. ஒப்பரேசன் முடிந்தபின் நோவுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பது வழக்கம். அவர்களுக்கு அதுவே கடும் இழுப்பைக் கொண்டுவரும். சொன்னால் வேறு மருந்து தருவோம்.

கடையில் வாங்கிய மூக்குத் துளி மருந்தைப் பலர் மருந்தாகவே எண்ணுவதில்லை. “குளிசை ஏதும் பாவிக்கிறீங்களா” என்று கேட்டால் இல்லை என்பார்கள், சட்டைப் பையில் போத்தல் இருக்கும். அந்தப் போத்தலையே கொண்டுவந்து காட்டுங்கள். ஒரு கிழமைக்கு மேல் தொடர்ந்து விட்டால் அந்தத் துளியே அடைப்பைக் கூட்டும்.

சொல்லக் கடினமான ஒன்றும் இருக்கிறது. எங்கள் மண்ணில் முகத்தில் காயம் பட்டவர்கள் நிறையப் பேர். 2009இல் இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பியும் எக்ஸ்ரேயும் போனவர்கள் அதைவிட அதிகம். தழும்பு ஆறியபின் மூக்கின் நடுத்தண்டு கோணியிருக்கலாம், உள்ளே சிறு இரும்புத் துண்டு தங்கியிருக்கலாம், ஒரு பக்கம் முழுதாக ஒட்டியிருக்கலாம். வெளியே தெரிவது ஒரு கோடு மட்டுமாக இருக்கும். எங்கே, எப்படிப் பட்டது என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, நாங்கள் கேட்கவும் மாட்டோம். “மூக்குப் பக்கம் காயம் பட்டது, உள்ளே துண்டு இருக்கலாம்” என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு அது போதும். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும் அதே வசனத்தைச் சொல்லுங்கள்.

பிள்ளைகள்

வாயைத் திறந்தபடி நித்திரை கொள்ளும் பிள்ளை, குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்பும் பிள்ளை, மூக்கால் கதைக்கும் பிள்ளை. இவர்களுக்கு மூக்கின் பின்புறத்தில் அடினாய்டுச் சதை பெருத்திருக்கலாம். குடலிறக்கத்துக்கோ பல் பிடுங்கவோ மயக்கம் கொடுக்க வந்தாலும் இதைச் சொல்லுங்கள். இரவில் பிள்ளை நித்திரை கொள்வதை அரை நிமிடம் போனில் வீடியோ எடுத்துவந்து காட்டினால் எனக்கு எந்தப் பரிசோதனையையும்விட அது உதவும்.

ஒரு பக்கம் மட்டும் நாற்றமாக ஒழுகினால் பிள்ளை எதையோ உள்ளே போட்டிருக்கும். புளியங்கொட்டை, பாசிமணி, எதுவும் இருக்கலாம். விளையாட்டுச் சாமானின் வட்டப் பற்றரி என்று சந்தேகம் வந்தால் அடுத்த நாள்வரை காத்திராதீர்கள், அது சில மணித்தியாலத்தில் உள்ளே எரித்துவிடும். சின்னப் பிள்ளையின் மூக்கில் தெரியும் கட்டியை யாரும் நோண்டவோ இழுக்கவோ விடாதீர்கள். அரிதாக அது மூளையின் உறை கீழே இறங்கி வந்ததாகவும் இருக்கும். பதின்ம வயதுப் பெடியனுக்கு ஒரு பக்க மூக்கு அடைத்து, அடிக்கடி அதே பக்கத்தால் இரத்தம் ஓடினாலும் நோண்ட விடாதீர்கள். ஸ்கான் எடுக்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

நாள் குறித்தபின்

சதை இருப்பது முன்பே தெரிந்தால் பெரும்பாலும் நேரம் இருக்கிறது. காது மூக்கு தொண்டை கிளினிக் எந்த நாளில் என்று ஓ.பி.டி.யில் கேட்டுப் போங்கள். வழக்கமான நுங்குச் சதைக்கு ஸ்டீரொயிட் ஸ்ப்ரே கொடுப்பார்கள். அது ஒரு நாளில் வேலை செய்யாது, சில கிழமை விடாமல் அடிக்க வேண்டும். மூக்கின் நடுச் சுவரைப் பார்த்து அடிக்காமல், கண்ணின் வெளி மூலையை நோக்கிச் சாய்த்து அடியுங்கள். ரவைப் புள்ளிச் சதை ஸ்ப்ரேயால் போகாது, வெட்டி எடுத்து அடியைச் சுட வேண்டும். காரம் வைத்து எரிக்கிறேன், நூல் கட்டி இழுக்கிறேன் என்று வருபவர்களுக்கு இடம் கொடாதீர்கள்.

முட்டுக்கு இழுக்கும் பம்பை நிறுத்த வேண்டாம். ஒப்பரேசன் அன்று காலையும் இழுத்து, தியேட்டருக்கும் கொண்டுவாருங்கள். புதிதாகத் தடிமன், காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவசரமில்லாத ஒப்பரேசனை இரண்டு மூன்று கிழமை தள்ளுவதால் ஒன்றும் கெடாது. மன்னாரிலிருந்தும் துணுக்காயிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது எனக்கும் கவலைதான். அதனால்தான் முதல்நாளே போன் பண்ணிக் கேளுங்கள் என்கிறேன்.

மூக்கிலேயே ஒப்பரேசன் என்றால் எழும்பும்போது இரண்டு பக்கமும் துணி வைத்து அடைத்திருக்கும். இது தெரியாமல் எழும்புகிறவர்கள் மூச்சு முட்டுகிறது என்று பதறி அதைப் பிடுங்கப் பார்ப்பார்கள். ஒப்பரேசனுக்கு ஒரு கிழமை முன்பே வீட்டில் பழகுங்கள். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, வாயால் ஐந்து நிமிடம் அமைதியாக மூச்சு விடுங்கள். பழகியவர்கள் எழும்பி, வாயைத் திறந்து, என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

எங்கள் துறைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைமாருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1985இல் மல்லம்பட்டி என்ற மயக்க மருந்து வைத்தியர் சொன்ன முறைப்படி வாயைத் திறந்து தொண்டையைப் பார்க்க எல்லாரும் படித்திருக்கிறீர்கள். அந்த முறை மூக்கைப் பார்க்காது. இரண்டு மூக்கும் டோர்ச்சால் பாருங்கள். மூக்கால் குழாய் விடப் போனால் முதலில் நாளத்தைச் சுருக்கும் துளி விட்டு, குழாயை வெந்நீரில் மெதுவாக்கி, ஒரு அளவு சிறிதாக எடுங்கள். தடுத்தால் அழுத்தாதீர்கள். மறுபக்கம் பாருங்கள், இல்லையென்றால் நிறுத்துங்கள். மயக்கத்துக்கு முன் மூன்று நிமிடம் ஒட்சிசன் கொடுப்பதில் ஒரு நொடியும் குறைக்க வேண்டாம், அன்றைக்கு எனக்குத் தேட நேரம் தந்தது அதுதான். மூக்கால் போன குழாயின் நுனியில் சதைத் துண்டு அடைத்திருக்கிறதா என்று உறிஞ்சு குழாய் விட்டுப் பாருங்கள். குழாயை எடுக்கமுன் அண்ணத்தின் பின்புறத்தைக் கண்ணால் பார்த்து உறிஞ்சுங்கள்.

வீட்டுக்குப் போனபின் மூக்கால் இரத்தம் வந்தால் அண்ணாந்து படுக்க வேண்டாம். முன்னுக்குச் சாய்ந்து இருந்து, மூக்கின் மென்மையான பாகத்தைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். வாய்க்குள் வருவதைத் துப்புங்கள், விழுங்காதீர்கள். நிற்கவில்லையென்றால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

முத்தையன்கட்டு ஐயாவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம். அங்கே சதையை எடுத்து, இடது மூக்கால் குழாய் விட்டுத் தாடையையும் பொருத்தினார்கள். இந்தச் சதை எடுத்த இடத்திலேயே திரும்ப முளைக்கும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வருகிறார். போனமுறை வலது பக்கத்தில் மிளகளவு ஒரு சிவப்பு தெரிந்தது. நான் டோர்ச்சை எடுக்கமுன்னரே, “டொக்டர், திரும்ப வருது போல கிடக்கு, பாருங்கோ” என்று அவராகவே முகத்தை நிமிர்த்திக் காட்டினார்.